எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

1

போன மாதம் மச்சான் போனில் கூப்பிட்டார். மச்சான் என்றால் என் மனைவி தங்கத்தின் அண்ணன். நலம் எதுவும் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில், "ஏ மாப்ள, நீ அங்க சீட்டு வெளையாடுதியாமே? அதுக்கு மார்க்கு வேற போடுதாங்களாமே? நெசமா?" என்றார்.

"ஆமா மச்சான்," என்றேன்.

 அவர் குரலைத் தாழ்த்தி, "போலீசு கீலீசு ஒண்ணும் வரலையே?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் சீட்டு என்றால் குளத்துக்கரை மரத்தடி, துண்டுக்குள் ரூபாய் நோட்டு, தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டதும் ஓட்டம். எனக்கும் சின்ன வயதில் சீட்டு என்றால் அது மட்டும்தான். போனில் விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்குப் பேச்சே குறைவு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயில் கொடைத் திருவிழா மலருக்கு வெளியூரில் இருப்பவர்கள் ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி இருந்தார்கள். சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, அப்படியே நினைத்துப் படியுங்கள்.

மலரில் துபாய்க்காரர்கள் எழுதுவார்கள், மலேசியாக்காரர்கள் எழுதுவார்கள். நான் கடலைத் தாண்டவில்லை, மலையைத்தான் தாண்டினேன். செங்கோட்டையில் ரயில் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் வந்துவிடுகிற ஊர் இது. ஆனாலும் பாஷை வேறு, சோற்று அரிசி வேறு, மழை வேறு. கொச்சியில் மட்டாஞ்சேரியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இந்த ஆவணியோடு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. வந்தபோது ஆட்டுக்கல்லில் ஆட்டினேன், இப்போது கிரைண்டர். மற்றபடி பெரிய மாற்றம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

2

நான் மாவு போடுகிற கடைகளில் ஒன்று, படகுத்துறைக்குப் போகிற வழியில் இருக்கும் சாயாக்கடை. அதன் மாடியில் ஒரு கிளப். ஆர்ட்ஸ் கிளப் என்று பெயர். இங்கே தெருவுக்குத் தெரு இப்படி ஒன்று இருக்கும். கேரம் போர்டு, பழைய பத்திரிகைகள், ஓணத்துக்கு வடம் இழுக்கிற போட்டி, அப்புறம் சீட்டு.

ஒரு நாள் காலையில் மாவு வாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாடி ஜன்னலில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "எடா அண்ணாச்சி, ஒரு கை குறவுண்டு. மேலே வா!" என்றார்.

நான் வரவில்லை என்று கையை ஆட்டினேன்.

"வரவில்லையெங்கில் நாளை முதல் உன் மாவு வேண்டான்னு கடைக்காரனிடம் பறயும். வாடா!"

அவர்தான் அபு இக்கா. இக்கா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணன்களைக் கூப்பிடுகிற முறை. அப்போது வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரல் லாரி ஹாரன் மாதிரி. நான் எவ்வளவு பேசாமல் இருக்கிறேனோ அவ்வளவையும் சேர்த்து அவர் பேசுவார். அன்றைக்கு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. காசு கிடையாது. நாலு பேர் ஆடுவது. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. நம் ஊரில் ராஜாவும் ஏஸும் பெரிது. இங்கே குலான்தான் பெரிது. குலான் என்றால் ஜாக்கி. அதற்கு மூன்று புள்ளி. ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. சீட்டில் மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி, அதனால் அந்தப் பெயர். முதலில் நாலு சீட்டு மட்டும் கொடுப்பார்கள். அந்த நாலைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுத்துக் காட்டுகிறேன் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவன் துருப்பைத் தீர்மானித்து, அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பான். பிறகு மீதி நாலு சீட்டு. சொன்ன புள்ளியை எடுத்தால் அந்தக் கை ஜெயிப்பு. ஒரு புள்ளி குறைந்தாலும் தோல்வி.

தொடர்ந்து தோற்கிற ஜோடி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். காகிதத்தில் செய்த பெரிய லோலாக்கு மாதிரி இருக்கும். மீசை வைத்த ஆட்கள் அதைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு முகத்தை இறுக்கமாக வைத்துச் சீட்டுப் போடுவதைப் பார்த்தால் மச்சானுக்குப் பயம் போய்விடும்.

நான் புள்ளி கேட்கவே மாட்டேன். பாஸ் என்று சொல்லுவேன். அதையும் மெதுவாகத்தான். கேட்பது அபு இக்கா, சீட்டைப் பார்த்துப் போட்டுக் காப்பாற்றுவது நான். இப்படியே பல வருஷம் போனது.

3

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ரேட்டிங் வந்தது. மாவட்டத்தில் உள்ள கிளப்புகள் எல்லாம் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடுவோம் என்றார்கள். எங்கள் கிளப் செயலாளர் ஜோஸ் சேட்டன் லேப்டாப் வாங்கினார். எல்லோருக்கும் ஆயிரத்தில் ஆரம்பம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியல் மலையாளத்தில் வாட்ஸ்அப்பில் வரும். கடைப் பலகை படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு மலையாளம் வரும். என் மகள் கார்த்திகாதான் படித்துச் சொல்வாள். அவள் இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். மலையாளத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குவாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான் எழுதுகிற இதை அவள் படிப்பதற்குள் அடுத்த கொடை வந்துவிடும். ஊருக்குப் போகலாமா என்று கேட்டால், "ஊர்லதானே இருக்கோம்?" என்பாள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் ஒரு மாதிரி இருக்கும். இப்போது அவள் சொல்வது சரிதானே என்று தோன்றுகிறது.

ஒரு சாயங்காலம் நான் உளுந்து களைந்துகொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன். "அந்த மார்க்கு எப்படிப் போடுறாங்க?"

"அப்பா, அது மார்க் அல்ல. ஊகம்."

"அப்படின்னா?"

"ரெண்டு ஜோடி உக்காந்த உடனே கம்ப்யூட்டர் யார் ஜெயிப்பாங்கன்னு மனசுல ஒரு பந்தயம் கட்டும். ஜோடியோட எண்ணைக் கூட்டி ரெண்டால வகுக்கும். உங்க ஜோடி ஒசந்தது, அவங்க தாழ்ந்தது, அப்ப நீங்க ஜெயிச்சா என்ன அதிசயம்? ரெண்டு மூணு புள்ளிதான் கிடைக்கும். அவங்க உங்களைத் தோக்கடிச்சா அதிசயம். அவங்களுக்கு நெறைய."

"அந்தப் புள்ளி எங்கேருந்து வருது?"

"உங்ககிட்டேருந்துதான். நீங்க எறங்குவீங்க, அவங்க ஏறுவாங்க."

"அப்ப கேள்விக்குறி?"

"அது கம்ப்யூட்டருக்கு சம்சயம். புது ஆள், எப்படி ஆடுவான்னு தெரியாது. அதனால அவங்க எண் பெரிய பெரிய படியா ஏறும், எறங்கும். நெறைய ஆடி ஆடி ஆளைப் பிடிகிட்டி, புரிஞ்சுக்கிட்ட அப்புறம் கேள்விக்குறி போகும். படியும் சின்னதாகும். ரொம்ப நாள் ஆடாம இருந்தா எண் அப்படியே இருக்கும், கேள்விக்குறி மட்டும் திரும்ப வரும்."

நான் உளுந்தைக் களைந்துகொண்டே யோசித்தேன். இந்தக் கேள்விக்குறியை எனக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது. இங்கே ரேஷன் கார்டு கேட்டுப் போனபோது, அங்கே பேரை நீக்கிய சான்று கொண்டுவா என்றார்கள். அங்கே போனால், இங்கே சேர்த்த சான்று காட்டினால்தான் நீக்குவோம் என்றார்கள். இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் மலை. அந்த வருஷம் முழுக்க என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் இருந்தது, புதிதாக ஒரு கடைக்கு மாவு கொண்டுபோனால் இருந்தது. ஒரு நாள் மாவு புளித்துப் போனால் ஒரேயடியாக இறங்கிவிடுவேன். ஒரு நாள் இட்லி பஞ்சு மாதிரி வந்தால் பக்கத்துக் கடைக்காரனும் கேட்பான். இப்போதெல்லாம் மாவு ஒரு நாள் சரியில்லை என்றால், "எந்து பற்றி மாரி, கரண்ட் போயோ?" என்று என்ன ஆயிற்று என விசாரிக்கிறார்கள். படி சின்னதாகிவிட்டது.

4

போன வருஷக் கடைசியில் அபு இக்காவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்துகொண்டு சில மாதம் கிளப்புக்கு வரவில்லை. அந்த மாதங்களில் சுரேஷ் சாரோடு என்னை உட்கார வைத்தார்கள். கூட்டுறவு வங்கியில் மேனேஜர். நல்ல மனிதர், நல்ல ஆட்டக்காரர். யார் எந்தச் சீட்டைப் போட்டார்கள் என்பது அவருக்கு மறக்காது. நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். என் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

ஒன்று கவனித்தேன். எண் ஏறிய ஆட்கள் கிளப்புக்கு வருவது குறைந்தது. மேலே இருந்த ஒரு ஜோடி முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். கேரம் பார்க்க வருவார்கள், சாயா குடிப்பார்கள், சீட்டு மேஜைப் பக்கம் வரமாட்டார்கள். ஆடினால் இறங்கிவிடுமே என்று பயம். வங்கியில் போட்ட பணம் மாதிரி எண்ணைப் பொத்தி வைத்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் எண்ணும் ஏறியதும் எனக்கும் அந்தப் பயம் வர ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான், முன்பிருந்தே பேச்சில் இருந்த இடப்பள்ளி மாவட்டப் போட்டிக்குத் தேதி வந்தது. பெரிய மால் பக்கத்தில் ஏசி மண்டபம். ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் நாலு ஜோடி போகலாம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அன்று எந்த நாலு ஜோடியின் சராசரி எண் மேலே இருக்கிறதோ அந்த நாலு ஜோடி. எங்கள் கிளப்பிலிருந்து இதுவரை யாரும் அப்படி ஒரு இடத்துக்குப் போனதில்லை. அபு இக்கா மருத்துவமனைக் கட்டிலில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோதே என்னிடம் சொன்னார்: "எடா, இடப்பள்ளிக்கு நாம் ரெண்டு பேரும் போகும். அந்த ஏசியில் உன்னை ஒரு வார்த்தையெங்கிலும் பேச வைக்கும்."

ஒரு காலையில் சாயாக்கடையில் சுரேஷ் சார் என்னைப் பிடித்தார். "மாரி, இடப்பள்ளிக்கு நம்ம ரெண்டு பேரும் போவாம். நம்ம ஜோடி இப்ப ஒண்ணாமது. இனி மாசம் முடியும் வரை ஆடவேண்டாம். எண்ணைத் தொடவே வேண்டாம். சரியல்லே?"

என் இரண்டு கையிலும் மாவு வாளி. இக்கா வந்துவிடுவாரே என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. தலையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினேன். பார்க்கலாம் சார் என்கிற மாதிரி. நம் ஊரில் அப்படி ஆட்டினால் ஒருத்தனும் அதை நம்பி ஒரு காரியம் செய்யமாட்டான். சுரேஷ் சார் என் தோளில் தட்டிவிட்டு மாடி ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் கார்த்திகா போனைப் பார்த்துப் படித்தாள். "இடப்பள்ளிக்கு முதல் ஜோடி: சுரேஷ், மாரியப்பன். கங்கிராட்ஸ் அப்பா!" அதற்குக் கீழே ஒவ்வொருத்தராகக் கைதட்டல், கட்டைவிரல் படம் போட்டிருந்தார்கள். முதல் கட்டைவிரல் அபு இக்கா போட்டது.

5

அபு இக்காவின் கண் அதற்குள் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆனால் கிளப்புக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

"இக்கா, ஞாயித்துக்கிழமை வரலியா?"

"கண்ணு சரியாயிட்டில்லடா. சொட்டு மருந்து விடணும். சீட்டின் எழுத்து தெரியாது."

சொல்லும்போது கையில் பேப்பர் இருந்தது. வரி விளம்பரப் பக்கம். பொடி எழுத்து.

நான் பேப்பரைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நீ சுரேஷ் சாரோடு போ. என் எண்ணில் இப்போள் கேள்விக்குறி. நான் கூட இருந்தால் உன்னையும் கீழே இறக்கும். நீ ஏறி வந்திட்டு இறங்கவேண்டா."

 வெலிங்டன் தீவுப் பக்கமிருந்து படகு வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அது கிளம்பும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

வீட்டுக்கு வந்து தங்கத்திடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "அவரு பேசியே பழக்கப்பட்டவரு. நீங்க பேசாமலே பழக்கப்பட்டவரு. இந்த ஒரு தடவை மாறி இருந்தாத்தான் என்ன?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் மாடி ஏறினேன். சொல்ல வேண்டியதை மலையாளத்தில் வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஜோஸ் சேட்டன் லேப்டாப் முன்னால் இருந்தார். மூன்று மேஜையிலும் ஆட்கள். சுரேஷ் சாரும் இருந்தார். வாயைத் திறந்தேன், மலையாளம் மொத்தமும் பறந்துவிட்டது.

"நான் அபு இக்கா கூடத்தான் உக்காருவேன்," என்றேன். சத்தமாக வந்துவிட்டது. எல்லா மேஜையும் நின்றது.

ஜோஸ் சேட்டன் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் கேட்டோ? மாரி வாய் திறந்நு! மணி எத்தரை, யாராவது எழுதி வைக்கு!"

சுரேஷ் சார் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்குத் தலையாட்டினதோ மாரி?"

"அது... பாக்கலாம்னு ஆட்டினது சார்."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். "தமிழன்மாரின் தலையாட்டலுக்கும் ஒரு ரேட்டிங் வேணும் ஜோஸே. எப்பவும் கேள்விக்குறியோட." பிறகு எழுந்து வந்து, "அன்னைக்கே பறஞ்ஞால் போதுமாயிருந்தது. எனக்கு வேற ஆள் உண்டு. போய் உன் இக்காவைக் கூட்டிட்டு வா," என்றார்.

கூட்டி வர வேண்டியிருக்கவில்லை. ஜோஸ் சேட்டன் போனில் சொன்னதுமே அவர் வந்துவிட்டார். மூச்சு வாங்க மாடி ஏறி, வாசலிலேயே நின்று, "யாரு? மாரியோ? மாரி பேசியோ? சத்தமாயிட்டோ?" என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டார். என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்து சீட்டைக் கலைத்தார்.

6

என் எண்ணையும் இக்காவின் எண்ணையும் கூட்டி வகுத்தால், நாலாம் இடத்தில் இருந்த ஜோடியைவிட எட்டுப் புள்ளி குறைவு. அந்த ஜோடிதான் ஆடாமல் பொத்தி வைத்திருந்தவர்கள். எங்களுக்கு மாதக் கடைசிக்குள் மூன்று போட்டி இருந்தது. ஜோஸ் சேட்டன் கணக்கு எதுவும் போடாமல், "மூணும் ஜெயிச்சா பாக்காம்," என்றார். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

முதல் போட்டியில் உட்காரும்போது என் மனதில் எண்தான் ஓடியது. இந்தச் சீட்டைப் போட்டால் இத்தனை இறங்குமோ என்று. நல்ல கை வந்தும் பயந்து பயந்து போட்டேன். எப்படியோ ஜெயித்தோம். வீட்டுக்கு வந்ததும் கார்த்திகா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, உங்க எண்..."

"சொல்லாதே," என்றேன். "எல்லாம் முடியற வரைக்கும் எனக்கு எண்ணே சொல்லக்கூடாது."

"அதல்லப்பா, கேளுங்க..."

"வேண்டாம்மா."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது போட்டியும் ஜெயித்தோம். இக்கா பழைய இக்காவாகிவிட்டார். எதிர் ஜோடிக்குக் குணுக்கு மாட்டிவிட்டு, "சங்கக்காரர் வேண்டாம்னு சொன்னாலும் மட்டாஞ்சேரியில் இது உண்டு," என்று அவர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டார். வீட்டில் கார்த்திகா மறுபடியும் போனோடு வந்தாள், மறுபடியும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது, கடைசி ஞாயிற்றுக்கிழமை. எதிரே சுரேஷ் சாரும் அவருடைய புது ஜோடியும். புது ஜோடி பழக வேண்டும் என்று அவரும் ஆட வந்திருந்தார். கிளப்பிலேயே முதல் இடத்தில் இருந்தவர்கள். ஒரு போட்டிக்குப் பல கைகள் ஆட வேண்டும். கடைசிக் கை வரும்போது இரண்டு பக்கமும் சமம். அந்தக் கையை எடுப்பவர்களுக்குப் போட்டி.

நாலு சீட்டு வந்தது. எடுத்துப் பார்த்தேன். இஸ்பேட் குலான். இஸ்பேட் ஒன்பது. இஸ்பேட் ஏஸ். நாலாவது கிளாவர் குலான். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி நாலு சீட்டு வந்ததாக நினைவில்லை.

முதலில் கேட்க வேண்டியது இக்கா. "பதினாறு," என்றார். சுரேஷ் சாரின் ஜோடிக்காரர் பாஸ். அடுத்தது நான்.

நம் ஜோடியே கேட்ட பிறகு அதற்கு மேல் கேட்பதென்றால் பதினேழு பதினெட்டு எல்லாம் கேட்க முடியாது. இருபதுதான் கேட்க வேண்டும். ஹானர்ஸ் என்பார்கள். ஜோடிக்காரன் கையிலிருந்து ஆட்டத்தை வாங்கி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற மாதிரி. நான் அதைச் செய்ததே இல்லை. செய்வேன் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சுரேஷ் சார் என் பாஸைக் கேட்காமலே தன் முறைக்குத் தயாராகிவிட்டார்.

"இருபது," என்றேன்.

இக்கா சீட்டிலிருந்து தலையைத் தூக்கினார். ஜோடிக்காரன் முகத்தைப் பார்ப்பது விதிப்படி தப்பு. உடனே கூரையைப் பார்த்தார். சுரேஷ் சார் பாஸ் என்றார்.

இஸ்பேடைத் துருப்பாக வைத்துக் கவிழ்த்தேன். மீதி நாலு சீட்டு வந்தது. எல்லாம் ஏழும் எட்டும். அதைவிடப் பெரிய அடி, ஆட ஆடத்தான் தெரிந்தது: வெளியே இருந்த இஸ்பேட் பெரும்பாலும் சுரேஷ் சார் கையில். நான் பெரியதைப் போட்டுச் சேர்க்கச் சேர்க்க அவர் சின்னதை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். கடைசிப் பிடி அவருடையது. ஜோஸ் சேட்டன் எங்கள் புள்ளியை எண்ணினார். ஒரு தடவை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

பத்தொன்பது.

இக்கா கேட்ட பதினாறிலேயே விட்டிருந்தால் போட்டி எங்களுடையது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஜையைச் சுற்றி நின்ற எல்லோர் மனதிலும் அதுதான் ஓடியது. சுரேஷ் சார் கை கொடுத்தார். "அந்தக் கைக்கு நானும் இருபது கேட்டிருப்பேன் மாரி," என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

இக்கா என் காதில் ஒரு குணுக்கு மாட்டினார், தன் காதில் ஒன்று. "சாரமில்லா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் படி இறங்கும்போது ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

7

வீட்டுக்கு வந்து கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்த்திகா வந்து எதிரே நின்றாள்.

"தோத்துட்டோம்," என்றேன். "ஒரு புள்ளியில. என்னாலதான்."

"தெரியும். குரூப்ல வந்துச்சு. இப்பவாவது எண் சொல்லலாமா?"

"சொல்லு. இனிமே என்ன."

"நீங்க நாலாமது."

எனக்குப் புரியவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து விரல் விட்டுச் சொன்னாள். இக்காவின் எண்ணில் கேள்விக்குறி இருந்ததால் முதல் இரண்டு ஜெயிப்பில் அவர் பெரிய படியாக ஏறிவிட்டாராம். இரண்டாவது போட்டி முடிந்தபோதே அந்தப் பொத்தி வைத்த ஜோடியைத் தாண்டி நன்றாக மேலே போயிருந்தோமாம். கடைசிப் போட்டியில் எதிரே இருந்தவர்கள் முதல் இடம். நாங்கள் தோற்போம் என்றுதான் கம்ப்யூட்டரும் நினைத்திருந்ததாம். எதிர்பார்த்தபடி தோற்றால் அதிகம் இறக்காதாம். இறங்கியது போக இன்னும் பத்துப் புள்ளி மேலேதான் இருந்தோம்.

"அப்ப ஆட்டத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீங்கதான் சொல்லாதே சொல்லாதேன்னு..." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் அங்கே இருந்திருந்தா விசில் அடிச்சிருப்பேன். எங்கப்பா இருபது கேட்டாராமே!"

தங்கம் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "இக்காவுக்கு யாரு சொல்லுறது?" என்றாள்.

போனில் சொல்லலாம். குரூப்பில் வந்ததை அவரே பார்த்திருக்கவும் கூடும். ஆனால் எனக்கு நேரில் போக வேண்டும் போல இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தேன். சுக்கு மண்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. தெருவில் வாசனை மட்டும் இருந்தது.

இக்கா வீட்டு முன்னறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். போனை எங்கோ வைத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எடா, நீ அதையே நினைச்சிட்டு நடக்கவேண்டா. இரிக்கு, உக்காரு," என்றார்.

"இக்கா, நாம நாலாமது. இடப்பள்ளிக்குப் போறோம்."

"தோத்திட்டு போறதோ?"

"தோத்துத்தான்."

"அது எந்து கணக்கடா?"

சொன்னேன். ஊகம் என்றால் என்ன, பந்தயம் கட்டுவது கம்ப்யூட்டர் மட்டும்தான் என்பது, அவருடைய கேள்விக்குறி என்னை இறக்கவில்லை, அதுதான் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றியது என்பது, பெரிய ஆளிடம் தோற்றால் ஏன் வலிப்பதில்லை, பொத்தி வைத்தவர்கள் ஏன் பின்தங்கினார்கள், எல்லாம் சொன்னேன். பாதி தமிழ், பாதி மலையாளம். புரியாத இடத்தில் மேஜையில் இருந்த பிஸ்கட்டை அடுக்கிக் காட்டினேன். அவர் வீட்டம்மா கொண்டுவந்து வைத்த சாயா ஆறிப் போனது. அவர் தாடையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முடித்ததும் தாடையிலிருந்து கையை எடுத்தார்.

"நீ இத்தரை நேரம் பேசுமோடா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. சாயாவை எடுத்துக் குடித்தேன்.

"சரி, ஒரு காரியம் பறை," என்றார். "இடப்பள்ளியில், அந்த ஏசியில், ஆள்கள் எல்லாம் பார்க்கும்போள், நான் பதினாறு கேட்டு, உனக்கு அதே நாலு சீட்டு வந்தால் என்ன செய்யும்?"

யோசிக்க ஒன்றும் இல்லை.

"இருபது கேப்பேன் இக்கா."

"கேளு," என்றார். பிறகு உள்ளே திரும்பி, தன் பழைய குரலில், தெருமுனை வரை கேட்கும்படி, இன்னொரு சாயா கொண்டுவரச் சொன்னார்.